குறை கூறா நாவும் குறை காணும் எழுத்தும்

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விருப்பமிருப்பின் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ள செய்தி. அவ்வாறாயின், ஓர் உணவுக்கடையில் உண்டு வந்து அதன் நிறைகுறைகளை எழுதுவது முறையாகுமா? எளியோர் உண்ணும் சிறு கடையாயின் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. அக்கடையைப் பழிப்பது எளிது. 'எளிமை' என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மன்னித்துப் புகழ்வது அதனினும் எளிது. இரண்டுமே திறனாய்வு ஆகா.

இப்னு பதூதா 1331ஆம் ஆண்டளவில் சோமாலியக் கடற்கரையின் மொகதிஷு நகரை அடைந்தார். கப்பல் வந்ததும் இளைஞர்கள் சிறு படகுகளில் விரைந்து சென்று, மூடிய உணவுத் தட்டை ஆளுக்கொரு வணிகர் முன் வைத்து, அவரைத் தம் விருந்தினர் என உரிமை கொண்டாடும் வழக்கத்தை அவர் பதிவு செய்துள்ளார். அதன்பின் அவ்வணிகர் அவ்வீட்டிலேயே தங்குவார். அவருடைய கொள்முதலும் விற்பனையும் வீட்டுக்காரர் வழியாகவே நடைபெறும். விருந்தோம்பலும் வாணிகமும் அங்கே ஒரே தட்டில் இருந்தன. ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடவில்லை. வணிகரல்லாத இப்னு பதூதாவோ கல்வி கற்போர் இல்லத்தில் தங்க வைக்கப்பட்டார். பெரிய மரத்தட்டில் நெய்ச்சோறு, அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி. பாலில் வேகவைத்த வாழைக்காய். தயிருடன் எலுமிச்சை ஊறுகாய், இஞ்சி, மாங்காய் என அவர் தரும் பட்டியல் காவிரிக்கரையில் பிறந்தவருக்கு அந்நியமானதன்று.

அந்தத் தட்டின் தொடர்ச்சியைச் சில ஆண்டுகளுக்கு முன் துபாயின் தேராப் பகுதியில், ஒரு சிறிய சோமாலியக் கடையில் கண்டோம். 1991இல் சோமாலிய அரசு வீழ்ந்தபின் அம்மக்கள் பல நாடுகளுக்கும் சிதறினர். சென்ற இடங்களிலெல்லாம் இத்தகைய கடைகளும் எழுந்தன. விளக்கொளி மங்கல், மேசை விரிப்பு நெகிழித்தாள். முதலில் ஒரு கிண்ணம் சூடான இறைச்சிச் சாறு, கேளாமலே வந்தது. பின்னர் ஏலம், பட்டை, சீரகம் மணக்கும் 'பரீஸ்' என்னும் சோறும் ஆட்டிறைச்சியும், அருகில் உரிக்காத வாழைப்பழமொன்றும். பழத்தைச் சோற்றுடன் பிசைந்து உண்ண வேண்டும் என்று பரிமாறியவர் சைகையால் கற்பித்தார். இறைச்சி சற்றே கடினம். ஆயினும் தட்டு வெறுமையாகும் முன்பே, மீண்டும் சோறு வேண்டுமா என்று இருமுறை கேட்டார். அவர் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவருக்குத் தெரியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். நாயக்கர் காலத்தில் எழுந்த, 3000 கலம் நெல் கொள்ளும் செங்கற்களஞ்சியம் இன்றும் நிற்கும் ஊர் பாபநாசம். அருகிலுள்ள ராஜகிரி, பண்டாரவாடை போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்றோர் பலர். அங்கெல்லாம் பிறர் நடத்தும் மலிவான கடைகளில் உண்டு உழைத்தவர்கள் அவர்கள். பாபநாசத்தில் அத்தகையோர் ஒருவர் ஊர் திரும்பி நடத்தும் சோற்றுக்கடையில், சென்ற சம்பா நடவுக் காலத்தில் நண்பகல் உணவு உண்டோம். சோறு பதமாக இருந்தது. ஆட்டுக்கறி ஆணத்தில் தேங்காய் மிகவில்லை; தாளிச்சாவின் புளிப்பு அளவோடு நின்றது. சுவையைப் பற்றிச் சொல்ல நமக்குக் குறையேதும் இல்லை.

ஆனால் ஒரு காட்சி நம்மை உறுத்தியது. அண்மை ஆண்டுகளில் காவிரிப் படுகையின் நடவுப் பணிக்கு மேற்கு வங்கத்திலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். அவர்களில் ஐவர் அன்று அக்கடைக்கு வந்தனர். முன்னறையில் இடமிருந்தும், கைகழுவும் தொட்டியையொட்டிய பின்பலகை அவர்களுக்குக் காட்டப்பட்டது. நமக்கு மறுசோறு மும்முறை வந்தது; அவர்கள் பக்கம் வாளி ஒருமுறைதான் சென்றது. விலை இருசாராருக்கும் ஒன்றே. கடைக்காரர் கொடியவரல்லர்; அவர்களுடைய மொழி தெரியாததே காரணம் என்றார். தேராவில் நமக்குப் பரிமாறியவருக்கும் நம் மொழி தெரியாது என்பதை அவரிடம் கூறினோம். அவர் பதில் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பின்பலகைக்குச் சென்றார்.

நாம் வந்தடையும் முடிவு இதுவே: உணவைக் குறை கூறாமை நம் மரபு, ஊட்டுபவருக்கும் உண்பவருக்கும் இடையேயுள்ள நடத்தையை ஆராயாமல் விடுவது நம் மரபன்று. அளவையும் நிறுவையையும் சரியாகப் பேணுமாறு பணிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர், ஒரே விலைக்கு இருவகைப் பரிமாறலைச் சிறு குறையெனக் கருத இயலாது. எளிய கடையை அளக்க ஏற்ற கோல் அதன் மசாலா அன்று. ஊர் பேர் தெரியாதவர் எந்தப் பலகையில் அமர்கிறார், அவரிடம் எத்தனை முறை சோறு வேண்டுமா என்று கேட்கப்படுகிறது என்பதே. இக்கோலால் அளக்கும்போது தேராக் கடையின் கடினமான இறைச்சி, பாபநாசத்தின் பக்குவமான ஆணத்தை வென்றுவிடுகிறது.

ஆயினும் பாபநாசத்துக் கடைக்குச் செல்லுமாறே வாசகர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். சோறு நன்று. முன்னறையில் இடம் இருந்தால், பின்பலகையில் இருப்போரை அருகே அழைத்து அமர்த்திக்கொள்ளுங்கள். வங்காளியில் சோற்றுக்கு 'பாத்' என்று பெயர். வாளியைக் காட்டி அதைக் கேட்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.