பொருட்பாலும் ஆயர் குரோ சட்டமன்றமும்

திருக்குறளில் மக்களாட்சி உண்டு என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம்; கைதட்டலும் கேட்கிறோம். அரசியலின் அடிப்படைச் சொற்களை மாணவர்க்கு விளக்கும் தமிழாசிரியர்கள் இக்கூற்றை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். வள்ளுவரைக் குறைத்தற்கன்று, அவர் சொன்னதைச் சொன்னவாறே காண்பதற்கு.

பொருட்பாலின் 70 அதிகாரங்களைப் பரிமேலழகர் அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 என வகுத்தார். அமைச்சு அங்கவியலில் நிற்கிறது. அஃதாவது, அமைச்சன் அரசனுக்கு உறுப்பு. அவன் தெரிந்து தெளிந்து கொண்டவன். அரசு வேறு, அரசாங்கம் வேறு என்ற பகுப்பு அங்கில்லை.

நம் மலாக்காவில் நிலை வேறு. பினாங்கு, சபா, சரவாக்கைப் போலவே இங்கும் சுல்தான் இல்லை. மாமன்னர் நியமிக்கும் மாநிலத் தலைவரே முதலமைச்சரை அமர்த்துகிறார். ஆயினும் தம் விருப்பம்போல் அன்று. சட்டமன்றப் பெரும்பான்மையோரின் நம்பிக்கை எவர்க்கு உண்டெனத் தோன்றுகிறதோ, அவரையே அமர்த்துதல் வேண்டும். முதலமைச்சர் தலைவருக்கு உறுப்பல்லர். ஆயர் குரோவில் கூடும் மன்றத்துக்கே கடமைப்பட்டவர்.

2021 அக்டோபரில் நான்கு உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ளவே, 28 இடங்கள் கொண்ட மன்றத்தில் முதலமைச்சர் சுலைமான் முகமட் அலி பெரும்பான்மை இழந்தார். மன்றம் கலைக்கப்பட்டது. நவம்பர் 20இல் நடந்த தேர்தலில் தேசிய முன்னணி 21 இடங்களை வென்றது. அவரே மீண்டும் முதலமைச்சரானார். இடையில் மாநிலத் தலைவர் மாறவில்லை, சட்டங்கள் மாறவில்லை. கவிழ்ந்தது அரசாங்கம்; அரசு அன்று. (மாநிலம் கூட்டரசின் பகுதியே, முழு இறைமை உடையதன்று என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவைத்தல் நலம்.)

‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வரும் இடித்துரைப்போரே இன்றைய எதிர்க்கட்சி என்பாரும் உளர். அது பொருந்தாது. இடித்துரைப்போரை மன்னனே தேடித் துணைக்கொள்கிறான். எதிர்க்கட்சியையோ, முதலமைச்சர் விரும்பினும் விரும்பாவிடினும், வாக்காளரே அனுப்புகின்றனர். முன்னவர் ஆள்வோனைத் திருத்த முயல்வர். நீக்குதற்கு அவர்க்கு வழியில்லை. அல்லற்பட்டோர் அழும் கண்ணீர் அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் என்று ‘கொடுங்கோன்மை’யில் வள்ளுவர் எச்சரிக்கிறார். அதனினும் கூர்மையாக ஆள்வோரை எச்சரித்த நூல்கள் சிலவே. ஆனால் அழுவோர் அவனை மாற்றும் முறை அங்குக் கூறப்படவில்லை. வாக்குச்சீட்டு தந்தது அம்முறையை.

மாணவர் கட்டுரையில் ‘மலாக்கா அரசு கவிழ்ந்தது’ என்று எழுதினால் திருத்துவதா, விடுவதா? அகராதிகள் இரு சொற்களையும் கலந்தே பொருள் தரினும், யான் திருத்துவேன்.