செம்பிற் களிம்பும் திருமேனிக் காப்பும்

உயிரைப் பற்றிய ஆணவத்தைச் செம்பிற் களிம்புக்கு ஒப்பிடுதல் சைவ சித்தாந்த நூலோர் மரபு. களிம்பு வெளியினின்று வந்து ஒட்டியதன்று, செம்போடு உடனாயுள்ளது. புளியிட்டு விளக்கிய அளவில் அது மறைந்து, பின்னரும் தோன்றும். இரசகுளிகை பட்டவழியே முற்றும் நீங்கும். உயிரின் இயல்பை விளக்க நன்கு பயன்படும் இவ்வுண்மை, செம்பினாற் சமைந்த திருவுருவங்களைப் பேணுமிடத்து மறக்கப்படுதல் வியப்பிற்குரியது.

இவ்வுருவங்களைப் பித்தளைச் சிலை என்றும் பஞ்சலோகம் என்றும் உலகோர் வழங்குவர். பித்தளையாவது செம்பும் நாகமும் கலந்தது. சோழர்காலப் படிமங்களோ பெரும்பாலும் செம்பு மிக்கு, வெள்ளீயமும் காரீயமும் சிறிதளவு சேர்ந்தவை. அவற்றின்மேற் படரும் பசுமை இருவகைத்து. இறுகி வழவழப்பாய்ப் படிந்த கரும்பச்சை, உள்ளிருக்கும் உலோகத்துக்குப் போர்வையாய் நிற்பது. வெளிறிய பச்சைப் பொடியாய் உதிர்வது, உப்பிலுள்ள குளோரைட்டும் ஈரமும் கூடி உலோகத்தை அரிக்கும் நோய். புளியும் எலுமிச்சஞ் சாறும் இவ்வேறுபாட்டை அறியா; போர்வையையும் உரித்து, ஒவ்வொரு முறையும் செம்பிற் சிறிது கரைத்துச் செல்லும். நெடுங்காலம் இவ்வாறு தேய்க்கப்பட்ட படிமங்களிற் கண்ணும் மூக்கும் அணிகளின் வேலைப்பாடும் மழுங்குகின்றன. பின்னர்க் கண்களைப் புதிதாய்ச் செதுக்குவோர் பழைய சிற்பியின் கருத்தையும் உடன் அழித்துவிடுகின்றனர்.

திருக்கோணமலைப் பகுதி இவ்வாராய்ச்சிக்கு இரு சான்றுகளைத் தருகின்றது. ஒன்று, திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழ்க்கரையிற் கிடைத்த பௌத்தத் தாரையின் படிமம். ஏறத்தாழ 143 சதமமீற்றர் உயரமுடைய இது, பொன்முலாம் பூசப்பெற்ற எட்டாம் நூற்றாண்டு வார்ப்பு. முன்னாட் தேசாதிபதி பிரவுன்றிக் 1830இற் கொடுத்தமையால் இன்று இலண்டனிற் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. மற்றொன்று, 1950இற் கோணேசர் கோயிலுக்கு அணித்தாய்க் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருமேனிகள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது அடியார்கள் இவற்றைப் புதைத்துக் காத்தனர் என்று கருதுவர். அவை ஊர்வலமாய்க் கொண்டுசெல்லப்பெற்று, 1963 மார்ச்சு 3ஆம் நாளிற் கோயிலில் மீண்டும் எழுந்தருளுவிக்கப்பெற்றன.

தாரையின் பொன்மெருகு எஞ்சியுள்ளது. ஆனால் ஒரு மலரேனும் இடுவாரில்லை. கோணேசர் திருமேனிகள் வழிபாட்டுயிர் பெற்றன. ஆனால் கடலோரக் குன்றின்மேல் உப்புக்காற்றும் அபிடேகமும் அவற்றை நாளும் தீண்டுகின்றன. நூதனசாலையே தக்கது என்பாரும், வழிபாட்டில் தேய்வதே பேறு என்பாரும் உண்மையிற் பாதியையே காண்கின்றனர். முன்னையோர் தெய்வத்தைக் கலைப்பொருளாக்கினர். பின்னையோர் நாளை வணங்க வருவோரின் உரிமையை மறந்தனர்.

இவ்விரண்டுக்கும் இடைவழி ஆகம மரபிலேயே உண்டு. சுதையாலும் வண்ணத்தாலும் ஆகிய மூர்த்திகளுக்கு நேரே நீராட்டாது, எதிரே வைத்த கண்ணாடியில் தோன்றும் நிழலுக்கோ, நீராட்டுக்கென அமைந்த வேறு படிமத்துக்கோ அபிடேகஞ் செய்வர். திருவரங்கத்துச் சுதை மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பே உண்டு. பொருளின் இயல்பறிந்து கிரியையை அமைத்தல் முன்னோர் கொள்கை என்பது இதனாற் பெறப்படும். அதனைத் தொன்மையான செப்புத் திருமேனிகளுக்கும் விரித்தல் மரபுக்கு மாறன்று. அவற்றுக்கு அபிடேகத்தைச் சிறப்பு நாட்களுக்குச் சுருக்குதல், பாலும் பஞ்சாமிர்தமும் இடுக்குகளில் தங்காவாறு தூய நீராற் கழுவி ஈரமற ஒற்றுதல், புளியை அறவே விலக்குதல் என்பன போதும்.

கந்தளாய்ப் பகுதியின் பாலமோட்டைக் கல்வெட்டு இங்கே நினைவுகூரத் தக்கது. பௌத்த மன்னன் விசயபாகுவின் பெயர் தாங்கிய கந்தளாய்ச் சதுர்வேதிமங்கலத்தில், தென்கயிலாசம் என்னும் சிவாலயத்துக்குப் பிராமணப் பெண்ணொருத்தி நிபந்தம் அளித்தாள். அவ்வறத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காறப் படையினர் ஏற்றனர். கொடுத்தல் ஒருவர் செயல். காத்தல் பின்வருவோர் அனைவரின் கடன் என்பதே அதன் கருத்து. மண்ணுக்குள் முந்நூறு ஆண்டு அழியாதிருந்த திருமேனி, அன்புடையார் கையில் அழிந்தது என்னும் பழி நேராமற் காத்தலே அக்கடன்.