பனங்கையின் கறுப்பு

ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது கூரையிலிருந்து இறக்கிப் போட்ட பனஞ்சட்டத்தின், அதாவது பனங்கையின், வெட்டுமுகத்தைக் குனிந்து பாருங்கள். வெளி ஓரத்தில் கறுப்பு நார்கள் மிளகைக் கொட்டியதுபோல் நெருங்கி நிற்கும். உள்ளே போகப் போக அவை விலகி, வெளுத்த சோறு தெரியும். தேக்குக்கும் வேம்புக்கும் வைரம் நடுவில்; பனைக்கு அது வெளியோரத்தில். அனுபவமுள்ள ஆசாரி அந்தச் சோற்றை ஈவிரக்கமில்லாமல் செதுக்கித் தள்ளிவிடுவார். கறையானுக்கும் ஈரத்துக்கும் இடம் கொடுப்பது அதுதான்.

வயசான மரத்தின் அடிப்பகுதியில் அறுத்த கையென்றால் இன்னும் நல்லது. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கும். ஆணி சுலபத்தில் இறங்காது, துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். சிலாம்பு ஏறினால் கை இரண்டு நாள் கடுக்கும். அந்த முரட்டுத்தனம்தான் எனக்குப் பிடிக்கும். பக்கத்து மூங்கில் வரிச்சைத் தின்ன வந்த கறையான், பனங்கையின்மேல் மண்பாதை போட்டுக் கடந்து போயிருக்கும். மண்ணைச் சுரண்டினால் அடியில் மரம் அப்படியே இருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் கூரையிலும் பனைதான் நிற்கிறது. தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். சரியான முடிவு. அதனால் திண்ணைக்கோ கொட்டகைக்கோ கை தேடுபவர்கள் பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கேளுங்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனையை மட்டும் அறுத்துவிட்டு வாங்குங்கள்.