லூசியரின் அறையும் திக்குவாயும்

ஆல்வின் லூசியர் 1969-இல் செய்த 'ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்' பற்றி யார் எழுதினாலும், பெரும்பாலும் செய்முறையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். செய்முறை எளிதுதான். அறையில் உட்கார்ந்து, தான் செய்யப்போவதைச் சில வாக்கியங்களில் பேசிப் பதிவு செய்கிறார். அந்த நாடாவை அதே அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு மறுபடி பதிவு. அதையும் ஓடவிட்டு இன்னொரு பதிவு. போகப்போகப் பேச்சு கரைந்து, நீளமான சுரங்கள்தான் மிஞ்சுகின்றன.

குளியலறையில் பாடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்ததுதான். ஒவ்வொரு அறையும் சில சுருதிகளை மட்டும் தூக்கிக் காட்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3.43 மீட்டர் இருந்தால், ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும் கணக்கில், 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அங்கே ஓங்கும். ஒரு சுற்றில் ஒரு சுருதி மற்றதைவிட 2 மடங்கு ஓங்கினால், 10 சுற்றில் 1,024 மடங்கு. மற்றவை அமுங்கிப் போகும்.

"ஐடியா புரிஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்கு முழுசா கேக்கணும்?" என்பவர்களோடுதான் எனக்கு வழக்கு. 1981-இல் லவ்லி மியூசிக் வெளியிட்ட பதிவு சுமார் 45 நிமிஷம். அந்த நேரம் வீணில்லை.

லூசியருக்குத் திக்குவாய். இந்த வேலையை ஓர் இயற்பியல் செயல்விளக்கம் என்பதைவிட, தன் பேச்சின் மேடுபள்ளங்களை நிரவும் வழியாகவே பார்ப்பதாக அந்தப் பேச்சிலேயே சொல்கிறார். சொல்லும்போதே திக்கவும் செய்கிறது. அப்புறம் அறை வேலையைத் தொடங்குகிறது. மெய்யெழுத்துகள் முதலில் மழுங்குகின்றன, உயிரொலிகள் நீள்கின்றன. திக்கு எந்தச் சுற்றில் மறைந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. வாக்கியங்கள் மனப்பாடமாகிவிட்டதால், ஒலியில் இல்லாத சொல்லையும் காது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. செய்முறையைப் படித்தால் இது கிடைக்காது.

ஆனால் அறை அவர் பேச்சைக் குணப்படுத்தியது என்று சொல்லமாட்டேன். திக்கு போனபோது அர்த்தமும் கூடவே போய்விட்டது. சரளமாகப் பேசுகிறவரை அங்கே உட்கார வைத்தாலும் இதே கதிதான். 'திருத்தமான பேச்சு' என்ற அளவுகோலே அங்கே செல்லாது. மிஞ்சுவது பேச்சின் தாளம்: அவர் எங்கே நிறுத்தினார், எங்கே அழுத்தினார் என்பது சுரங்களின் ஏற்ற இறக்கமாகக் கடைசிவரை லேசாகத் தெரிகிறது. இடறியதும் அந்தத் தாளத்தில் ஒரு பகுதிதானே? நிரவப்போவதாகச் சொன்ன மனிதரின் மூச்சு முழுசாக நிரவப்படவில்லை. எனக்கு இந்தப் படைப்பு பிடித்ததற்கு அதுதான் காரணம்.