‘ஸ்டீரியோடைப்’: சொல்லும் பொருளும்

ஓர் இனத்தாரையோ தொழிலாளரையோ இன்ன தன்மையர் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடும் எண்ணத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டீரியோடைப்’ என்பர். ‘டைப்’ என்றால் ‘வகை’தானே எனக் கருதி, இதற்கு ‘ஒரே வகை’ என்று பொருள் உரைப்பார் உளர். அவ்வுரை பொருந்தாது. இச்சொல் பிறந்த இடம் அச்சுக்கூடம்.

கிரேக்க மொழியில் ‘ஸ்டீரியோஸ்’ என்பது திண்மையையும், ‘டைப்போஸ்’ என்பது அழுத்தத்தால் பதிந்த உருவையும் குறிக்கும். ஆகவே, ‘திண்ணிய அச்சு’ என்பதே நேர்பொருள். தனித்தனி எழுத்துகளைக் கோத்து அமைத்த பக்கத்தின்மீது சாந்து முதலியவற்றை அழுத்திப் படிவம் எடுப்பர். அதில் ஈயக்கலவையை உருக்கி ஊற்றினால், பக்கம் முழுவதும் ஒரே தகடாகிவிடும்.

எடின்பரோ நகரப் பொற்கொல்லர் வில்லியம் கெட் 1725ஆம் ஆண்டளவில் இவ்வழியில் முயன்றார். அச்சுத் தொழிலாளரின் எதிர்ப்பால் அம்முயற்சி நிலைபெறவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் இதனைப் பாரிசில் வளர்த்து, ‘ஸ்டீரியோடைப்’ என்னும் பெயரையும் வழங்கியவர் பிர்மென் டிடோ. 1795இல் அவர் காலே என்பாரின் மடக்கை வாய்பாட்டை இவ்வாறு அச்சிட்டார். கோத்த எழுத்து கழன்றால் ஓர் எண் பிறழும். ஓர் எண் பிறழ்ந்தால் கணக்கே பிழையாகும். தகட்டிலோ, திருத்திய எண் திருத்தியபடியே நிற்கும். அசையாமையே அதன் சிறப்பு.

அச்சிறப்பே பின்னர்க் குறையாயிற்று. அமெரிக்க இதழாளர் வால்ட்டர் லிப்மன் 1922இல் வெளியிட்ட நூலில், மக்கள் பிறரைப் பற்றி உள்ளத்தில் ஆயத்தமாக வைத்திருக்கும் படங்களுக்கு இப்பெயரைச் சூட்டினார். இன்று பெரிதும் வழங்குவது அப்பொருளே. எண் மாறாதது, மனிதன் மாறுபவன். முன்னதற்கு அரணாகும் தகடு பின்னவனுக்குச் சிறையாகிறது.

‘அச்சில் வார்த்தாற்போல்’ என்பது தமிழில் பெரும்பாலும் பாராட்டு. ஆங்கிலச் சொல்லோ பழிப்பு. உவமை ஒன்றாயினும் நோக்கு வேறு. ஆதலின், ‘ஒரே வகை’ என்று பெயர்த்தால் வகைப்படுத்தல் மட்டுமே தோன்றும், இறுகிப்போதல் தோன்றாது. ‘வார்ப்பெண்ணம்’ எனின் சொல்லின் பிறப்பும் விளங்கும், பிழையும் விளங்கும்.

இவ்வேறுபாடு ஆசிரியர்க்குப் பெரிதும் வேண்டுவது. முதல் தேர்வைக் கண்டு ‘இவன் மந்தன்’ என்று எழுதிவிடும் ஆசிரியர், மாணவனை வகைப்படுத்துவதோடு நில்லார். ஈயத்தில் வார்த்தும் விடுகிறார். கோத்த எழுத்தை மாற்றிக் கோப்பது எளிது. வார்த்த தகட்டை மாற்ற உளியும் நெருப்பும் வேண்டும்.