பொருத்தம் பார்க்கும் முறை

கேம் விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டரை அமைக்க முற்படுகிறவர்கள், பிராசஸர் ஒன்றின் பெயரையும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் பெயரையும் ஜாதகங்களைப் போல் எதிரெதிரே வைத்து, ஒன்று மற்றதற்கு முட்டுக்கட்டையாகுமா என்று கேட்பதும், இத்தனை சதவீதம் 'பாட்டில்நெக்' என்று ஓர் எண்ணை விடையாகப் பெற்று ஆறுதலோ கிலேசமோ அடைவதும் பரவலான வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்தில் நியாயம் உண்டு. அந்த நியாயம் அந்த எண்ணில் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், விளையாட்டின் விதிகளையும் பொருள்களின் இயக்கத்தையும் எதிராளிகளின் நடத்தையையும் கணக்கிட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளைப் பிராசஸர் தயாரித்துக் கொடுக்க, அதன் பின்னரே கார்டு அவற்றை வர்ணமும் ஒளியும் கொண்ட சித்திரமாக்குகிறது. வினாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லி வினாடி; 144 வேண்டுமானால் 7 மில்லி வினாடிக்கும் சற்றுக் குறைவு. இரண்டில் எது அதிக நேரம் எடுத்துக்கொள்கிறதோ அதன் தாமதமே வேகத்தை நிர்ணயிக்கிறது. ஆதலால் கையிலுள்ள பணம் அனைத்தையும் கார்டிலேயே போட்டுவிட்டுப் பழைய நான்கு கோர் பிராசஸரை அதனுடன் பிணைப்பவர், தாம் விலை கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பங்கைச் சும்மா இருக்க விடுகிறார். அதிலும் கார்டு பின்தங்கினால் படம் ஒரே சீராக மெதுவாகும். பிராசஸர் பின்தங்கினாலோ ஓட்டம் திடீர் திடீரென்று தடுமாறும். சராசரி வேகம் நன்றாயிருந்தும் விளையாட்டு ரசிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இவ்வளவு தூரம் பொருத்தம் பார்ப்பது விவேகமே.

குறை எங்கே என்றால், பொருத்தத்தை அவ்விரு உறுப்புகளின் நிரந்தர குணமாகக் கொள்வதில்தான். 1920×1080 அளவுள்ள மானிட்டரில் 20,73,600 புள்ளிகள். 4கே மானிட்டரில் 82,94,400. கார்டின் பாரம் இவ்வாறு நான்கு மடங்காகும்போது பிராசஸரின் பாரம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. எனவே முன்னதில் பிராசஸரால் தடைப்பட்ட அதே ஜோடி, பின்னதில் கார்டினால் தடைப்படக்கூடும். 'சைபர்பங்க் 2077' விளையாட்டில் ஒளியின் பாதைகளைக் கணக்கிடும் பாத் டிரேசிங்கை இயக்கினால் எத்தகைய கார்டும் திணறுகிறது. 'சிவிலைசேஷன்' விளையாட்டின் பிற்பகுதியில் கணினி தன் முறையை யோசித்து முடிக்கும் வரை காத்திருக்கும் நேரத்தை எந்தக் கார்டும் குறைக்காது. டிஎல்எஸ்எஸ் போன்ற உத்திகளோ, 4கே மானிட்டரிலேயே உள்ளுக்குள் 1080 போன்ற குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கி, கார்டுக்கு மாறிய தடையை மறுபடி பிராசஸரிடமே கொண்டுவந்துவிடக்கூடும். இத்தனை பேதங்களையும் ஒரே சதவீதத்தில் அடக்கிக் காட்டும் எண் எதை அளந்தது என்று கேட்டால் விடை கிடையாது.

மேலும், பெயர்களை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாத உறவுகளும் உண்டு. 2024 டிசம்பரில் வெளிவந்த இன்டெல் ஆர்க் பி580, புதிய பிராசஸருடன் தன் விலைக்கு மிகச் சிறப்பாக ஓடிய போதிலும், அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்குவதால், பழைய பிராசஸர்களுடன் சேர்ந்தபோது போட்டிக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4060-ஐவிட அதிகமாகச் சரிந்ததைச் சோதித்தவர்கள் கண்டார்கள். குறைந்த விலைக் கார்டைத் தேடுபவரிடம்தான் பழைய பிராசஸர் இருக்கும் என்பதை எண்ணினால், இது அற்ப விஷயமன்று.

ஆகவே ஜோடியைத் தேடுவதைவிட, விளையாடப்போகும் கேமில் வேண்டிய வேகத்தை அந்தப் பிராசஸர் தருமா என்று முதலிலும், தம் மானிட்டரின் அளவில் அதே வேகத்தை அந்தக் கார்டு தருமா என்று பிறகும் தனித்தனியே விசாரிப்பதே உத்தமம் என்பேன். இரண்டுக்கும் விடை 'தரும்' என்றால், எது எதற்குத் தடை என்ற சர்ச்சைக்கு இடமில்லை. இவ்வாறு பிரித்துப் பார்ப்பவருக்குப் பின்னாளிலும் அனுகூலம் உண்டு: 2022-இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி தன் 96 எம்பி கேஷுடன் வந்தபோது, பழைய ஏஎம்4 போர்டு வைத்திருந்த பலர், பயாஸைப் புதுப்பித்து, கார்டை மாற்றாமலே, பிராசஸரை நம்பியிருக்கும் விளையாட்டுகளில் பெரும் முன்னேற்றம் கண்டார்கள்; ஆனால் 4கே மானிட்டரில் கனமான காட்சிகளை விளையாடியவர்களுக்கு அதே செலவு ஏறக்குறைய ஒன்றையும் தரவில்லை.