டைனி டிரெய்னர்: மலைக்கு வந்த மட்டை விமானம்

டைனி டிரெய்னர், ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தைக் கட்டவும் ஓட்டவும் பழகுகிறவர்களுக்கென வடிவமைக்கப்பட்டது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள பிளைட் டெஸ்ட் நிறுவனம் இதை வெளியிட்டது. இறக்கை நுனிக்கு நுனி 37 அங்குலம், அதாவது 94 சென்டிமீட்டர். பற்றரி ஏற்றாத எடை ஏறத்தாழக் கால் கிலோ. உடல், வால், இறக்கை எல்லாமே 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள போம் மட்டை. கிட்டாக வாங்கினால் லேசரால் வெட்டிய மட்டைத் துண்டுகள், மோட்டாரைப் பூட்டும் பிளைவுட் துண்டு, வாலை அசைக்கும் கம்பிகள், அவற்றைக் கோக்கும் சிறு கொம்புகள் ஆகியவை பெட்டியில் இருக்கும். மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சேர்வோ, ரிசீவர், பற்றரி, ரிமோட் என்பவற்றைத் தனியே வாங்க வேண்டும். வரைபடம் இலவசமாகவே கிடைப்பதால், கடதாசியில் அச்செடுத்து மட்டையில் ஒட்டி வெட்டியும் கட்டலாம். ஆனால் புத்தகக் கடைகளில் விற்கும் போம் மட்டை, விமானக்காரர்கள் பயன்படுத்தும் மட்டையைவிடப் பெரும்பாலும் கனமானது. வாங்குமுன் ஒரு தாளைத் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்த விமானம் சமதரையை மனதில் வைத்துப் பிறந்தது. அகன்ற புல்வெளி, காய்ந்த தரை, எந்தப் பக்கம் இறக்கினாலும் இடம். இலங்கையின் மலையக ஊரான வட்டகொடையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில், ரயில் பாதை மலையைச் சுற்றி ஏறும் இடத்தில் இருக்கிறது ஊர். நாற்புறமும் தேயிலைச் சரிவு. சமமான நிலம் என்றால் ஸ்டேஷன் மேடை, பாடசாலை முற்றம், தோட்டத்து மைதானம், அவ்வளவுதான். இந்த நிலத்தில் பறக்க வைக்கக் கிட்டில் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்பதே இங்கு எழும் கேள்வி.

மலையில் காற்று மெலிது, விமானம் ஏறாது என்ற பயம் பலருக்கு முதலில் வருகிறது. கணக்குப் போட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் கரைந்துவிடும். தலவாக்கலை செயின்ட் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1382 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில், 20 பாகை வெப்பத்தில், காற்றின் அடர்த்தி கொழும்புக் கடற்கரையில் 30 பாகையில் இருப்பதைவிட 12 சதவீதமளவு குறைவு. விமானம் தன்னைத் தாங்கிக்கொள்ளத் தேவையான மிகக் குறைந்த வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும் என்பதால் வித்தியாசம் 7 சதவீதத்துக்குள் நிற்கிறது. கொழும்பில் மணிக்கு 25 கிலோமீட்டரில் சரியும் விமானம் இங்கே 27இல் சரியும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. புரொப்பெல்லரின் இழுவையும் அதே சுழற்சியில் 12 சதவீதம் குறையும். ஆனால் மெல்லிய காற்றைத் தள்ளும்போது மோட்டாருக்குச் சுமையும் குறைவதால் மின்னோட்டமும் இறங்குகிறது.

அதனால் இழுவையைத் திரும்பப் பெறப் பெரிய மோட்டார் வாங்குவது வீண் செலவு. இந்த விமானத்துக்குத் தொடக்கத்தில் பரிந்துரைக்கப்பட்டவை 1806 அளவு, 2280 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுழற்சி) மோட்டார், 12 ஆம்பியர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, 6 அங்குல விட்டமும் 3 அங்குலப் பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட புரொப்பெல்லர். இழுவை விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும், சுமை ஐந்தாம் அடுக்கில் கூடும். இழந்த 12 சதவீதத்தை மீட்க விட்டம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடினாலே போதும். 6 அங்குலம் 6.2 ஆனால் சரி, கடையில் அப்படியொரு அளவு இல்லை. ஒரேயடியாக 7 அங்குலத்துக்குப் போனால் சுமை இரு மடங்கைத் தாண்டி, 12 ஆம்பியர் கருவி புகைந்துவிடும். விட்டத்தை அப்படியே வைத்து 3 அங்குலப் பிட்ச்சை 4 ஆக்குவதும், பழைய பற்றரியை ஒதுக்கிவிட்டுப் புதிய மூன்று செல் பற்றரி போடுவதும் போதுமான மாற்றம். ஆம்பியர் மீட்டர் வைத்து ஒரு தரம் அளந்து பார்ப்பது புத்திசாலித்தனம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் சற்றுக் கூடும்.

உண்மையான எதிரி ஈரம். போம் மட்டை என்பது இரண்டு கடதாசித் தாள்களுக்கு நடுவே அடைத்த நுரை. அதன் விறைப்பில் பெரும்பங்கு கடதாசியிலிருந்து வருகிறது. பனி படிந்த புல்லில் இரண்டு மூன்று தடவை வயிறு உரச இறங்கினால் கடதாசி நுரையிலிருந்து கழன்று, நனைந்த அப்பளம்போல் சுருண்டுவிடும். அதன் பிறகு அந்த விமானத்தின் மூக்கை விரலால் அழுத்தினாலே உள்ளே போகும். நிறுவனமே பின்னர் ஈரம் தாங்கும் பழுப்பு மட்டைக்கு மாறியது. கிட் வாங்குகிறவர் மலைநாட்டுக்காரரானால் அந்த மட்டையிலான பெட்டியையே கேட்டு வாங்க வேண்டும். வெள்ளை மட்டை மட்டுமே கிடைத்தால், கட்டத் தொடங்குமுன் அதை நீர் புகாததாக்குவது முதல் வேலை.

அதற்கு இரண்டு வழி உண்டு. தண்ணீரில் கரையும் வார்னிஷை மெல்லிய தூரிகையால் இரண்டு பூச்சுப் பூசிக் காய விடுவது ஒன்று. மழைக்கால வட்டகொடையில் அது காய்வதற்குள் பொறுமை காய்ந்துவிடும். மற்றது, பெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை முழு மேற்பரப்பிலும் சுருக்கமில்லாமல் ஒட்டுவது. டேப் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் வரும். இந்த விமானம் முழுதும் ஒட்டினாலும் எடை சில பத்துக் கிராம்தான் கூடும். வண்ண டேப் கிடைத்தால் பெயின்ட் செலவும் மிச்சம். ஸ்பிரே பெயின்ட் அடிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அதிலுள்ள கரைப்பான் மட்டையின் வெட்டு விளிம்பில் திறந்து கிடக்கும் நுரையைத் தின்றுவிடும். எந்த வழியைப் பிடித்தாலும் விளிம்புகளை மறக்கக் கூடாது. தண்ணீர் நுழைவது பெரும்பாலும் மேற்பரப்பில் அல்ல, வெட்டிய ஓரத்தில்.

விமானம் கட்டும் முறை எளிது, ஆனால் பிளேடு பற்றிக் கஞ்சத்தனம் கூடாது. மடிக்க வேண்டிய கோடுகளில் மேல் கடதாசியையும் நுரையையும் வெட்டி, கீழ்க் கடதாசியை மட்டும் விட்டுவைக்க வேண்டும். மொட்டைப் பிளேடு, அதுவும் ஈரம் ஊறிய மட்டையில், வெட்டாமல் பிய்க்கும். மட்டையை ஓரிரு நாள் அடுப்படிக்குப் பக்கத்திலோ வெயில் விழும் ஜன்னலோரத்திலோ வைத்துக் காயவிட்டுப் பிறகு வெட்டினால் கோடு சுத்தமாக வரும். ஒட்டுவதற்குச் சூடான பசைத் துப்பாக்கி. குளிர்ந்த காலையில் பசை சில விநாடிகளில் உறைந்துவிடும் என்பதால், நீண்ட விளிம்பு முழுவதையும் ஒரே இழுப்பில் பூசாமல் ஒரு சாண் ஒரு சாணாக ஒட்டிப் போவதே இங்கு சரிவரும்.

கிட்டில் மிக அழகான யோசனையும் மிகப் பலவீனமான இடமும் ஒன்றுதான்: கீல். வாலின் அசையும் பகுதிக்குத் தனிக் கீல் கிடையாது. நுரையைச் சரிவாகச் செதுக்கிவிட்டு, ஒரு பக்கக் கடதாசியையே கீலாக விட்டிருக்கிறார்கள். காய்ந்த ஊரில் இது நூற்றுக்கணக்கான பறப்புகளைத் தாங்கும். பனிக்காற்றில் கடதாசி மென்மையாகி, முதலில் கீலின் இரு முனைகளிலும் நூல் பிரிவதுபோன்ற வெள்ளைக் கோடு தோன்றும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் வானத்தில் கிழியும். திருத்தம் சுலபம். கீலை முழுதாகத் திறந்து, பள்ளத்தில் மெல்லிய பசைக் கோடு இழுத்து, உறையுமுன் பழைய ரீலோட் அட்டையால் வழித்தெடுத்துவிட்டு, வெளிப்பக்கத்தில் டேப் ஒட்ட வேண்டும். இதைச் செய்த பிறகு சேர்வோ சிரமப்படாமல் அசைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பசை தடித்துவிட்டால் 5 கிராம் சேர்வோ முனகும்.

இறக்கை இரண்டு வகை. ஒன்று பல இடங்களில் மேல்நோக்கி வளைந்தது, அதில் ஐலரான் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் மடல்) இல்லை, சுக்கானால்தான் திரும்பும். மற்றது ஏறத்தாழத் தட்டையானது, ஐலரான் கொண்டது. பழகுகிறவர் கையை எடுத்துவிட்டால் தானே சமநிலைக்கு வருவது முதல் இறக்கை. சரிவுக் காற்று பிய்த்து அடிக்கும் நாளில் அதே குணம் தொல்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் பக்கவாட்டில் ஆடும், சுக்கான் பதில் சொல்வதற்குள் பத்து மீட்டர் நகர்ந்திருக்கும். முதலில் வளைந்த இறக்கையைக் கட்டிப் பழகி, பிறகு ஐலரான் இறக்கைக்கு மாறுவது முறை. உடல் ஒன்றே என்பதால் கூடுதல் செலவு ஒரு மட்டையும் சேர்வோவும்தான். இறக்கை உடலோடு மூங்கில் குச்சிகளில் மாட்டிய இறப்பர் வளையங்களால் கட்டப்படுகிறது. போல்ட் போட்டு இறுக்கினால் பார்வைக்கு அழகு, மலையில் அது முட்டாள்தனம். செடியில் நுனி மாட்டும்போது இறப்பர் நழுவி இறக்கை தனியே சுழன்றுவிடும், உடல் தப்பும்.

வயிற்றிலும் மூக்கிலும் வேறு இரண்டு சேர்க்கைகள் தேவை. சக்கரம் இல்லாத விமானம் இது. கையால் எறிந்து விடுவதும் வயிற்றால் இறக்குவதும்தான் வழக்கம். விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் நெளிந்த பிளாஸ்டிக் அட்டையில் ஒரு கீற்றை வெட்டி அடியில் ஒட்டினால் ஈரப் புல்லில் வழுக்கிப் போகும். மூக்கில் நார் ஓடிய டேப் இரண்டு சுற்று. வாலில் ஒட்டிய ஒவ்வொரு கிராம் டேப்புக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈடு கட்ட வேண்டியிருக்கும் என்பதால், எல்லா மாற்றமும் முடிந்த பிறகே பற்றரியை முன்னும் பின்னும் நகர்த்தி, வரைபடத்தில் குறித்த புள்ளியில் விமானம் விரல்நுனியில் சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வால் கனத்த விமானம் எந்த உயரத்திலும் பறக்காது.

நிறத்தில் அலட்சியம் வேண்டாம். வெள்ளை விமானம் மூடுபனியிலும் பச்சை விமானம் தேயிலையிலும் மறைந்துவிடும். இறக்கையின் மேல் செம்மஞ்சள், அடியில் கறுப்புப் பட்டை போட்டால் திரும்பும் பக்கம் தூரத்திலும் தெரியும். ரிசீவரில் ஒரு சிறு பஸ்ஸரையும் இணைத்துவிட வேண்டும். இடுப்பளவு உயர்ந்த தேயிலைக்குள் விழுந்த விமானத்தை மூன்று எட்டு தூரத்திலிருந்தும் கண்ணால் காண முடியாது, காதால்தான் தேட முடியும். ரிமோட் சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி ரிசீவரை அமைத்து, தரையிலேயே ரிமோட்டை அணைத்துச் சோதிப்பதும் கட்டாயம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை பனியில் தடுமாறாது, ஆனால் மலை முகட்டுக்கு அப்பால் வளைந்தும் போகாது.

பறக்கும் நேரத்தைத் தேர்வதில் சங்கடம் இருக்கிறது. சூரியன் ஏறிய முதல் ஓரிரு மணித்தியாலங்கள்தான் காற்று அசையாத நேரம். புல் முழங்கால் வரை நனைக்கும் நேரமும் அதுவே. வெயில் சரிவைச் சூடாக்கியதும் பள்ளத்துக் காற்று மேலேற ஆரம்பிக்கும். பிற்பகலில் மேல் கொத்மலை நீர்த்தேக்கப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தால் விமானம் கண்ணெதிரே கரைந்துவிடும். தென்மேல் பருவ மழை கொட்டும் மே முதல் செப்டெம்பர் வரை விமானத்தை அலுமாரியில் வைப்பதே மேல். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலமே இதற்கு உகந்தது. ஏறு காற்று எல்லாருக்கும் பகையல்ல. காற்றுக்கு முகம் காட்டும் சரிவின் மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு வெகு நேரம் மிதக்கலாம். முகட்டின் பின்பக்கம் மட்டும் போகக் கூடாது. அங்கே காற்று சுருண்டு கீழே அழுத்தும், இந்த மோட்டாரால் அதிலிருந்து மீள முடியாது.

இறங்குவதற்குத் தோட்டத்து மைதானமே முதல் தெரிவு. ரதல்லையில் திம்புள்ள கழகத்தின் கிரிக்கெட் மைதானம் போன்ற அகன்ற இடங்கள் கழகத்துக்குச் சொந்தமானவை, அனுமதி கேட்டே போக வேண்டும். மைதானத்தைத் தாண்டிப் போய்விட்டால் கொழுந்து நிறைந்த மலை மோசமில்லை. மட்டமாக வளர்ந்த செடிகளின் தலையில் மெதுவாக உட்காரச் செய்யலாம், கீறல்கூட விழாது. கவ்வாத்து வெட்டிய மலையோ வேறு கதை. கத்தி சீவிய கிளைகள் கூராக நிற்கும், போம் மட்டையை அவை நேராகத் துளைத்துவிடும். ஆள் கொழுந்தெடுக்கும் மலைக்கு மேல் எந்த நிலையிலும் பறக்கக் கூடாது. அதற்கு விமானம் விழும் ஆபத்து மட்டும் காரணமில்லை. மரக்கிளையில் தொங்கும் குளவிக்கூட்டில் அது மோதினால் கீழே நிற்கும் பெண்கள்தான் கொட்டு வாங்குவார்கள். தோட்டங்களில் குளவிக் கொட்டால் உயிர்போன சம்பவங்கள் உண்டு. பறக்குமுன் சுற்றிலுமுள்ள மரங்களில் கூடு இருக்கிறதா என்று தோட்டத்து ஆட்களிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

அனுமதி விஷயத்தில் இலங்கை இலகுவான நாடல்ல. ரிமோட்டில் ஓடும் மாதிரி விமானமும் ஆளில்லா விமானமாகவே கருதப்படுகிறது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபை எடையை வைத்து வகை பிரித்து விதிகள் வகுத்திருக்கிறது. ரேடியோக் கருவி இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும், பாதுகாப்பு அமைச்சும் சம்பந்தப்படும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களை அடுத்து அதே மாதம் 25ஆம் திகதி நாட்டில் ஆளில்லா விமானங்கள் பறப்பது நிறுத்தி வைக்கப்பட்டதை நினைவில் கொண்டால், இந்த விதிகள் எவ்வளவு விரைவாக இறுகும் என்பது புரியும். பெட்டியை வரவழைக்குமுன் அன்றைய விதியை அதிகாரசபையிடமே கேட்பதும், தோட்ட நிர்வாகத்துக்கும் பொலிசுக்கும் முன்கூட்டிச் சொல்வதும் பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

இத்தனைக்கும் பிறகு இந்தக் கிட்டைத் தேர்வதற்குப் பலமான காரணம் மோட்டார்ப் பகுதியின் அமைப்பு. மோட்டார் மூக்கில் நேராகப் பூட்டப்படவில்லை. தனியொரு மட்டைப் பெட்டியில் பூட்டப்பட்டு, அந்தப் பெட்டி உடலுக்குள் செருகி மூங்கில் குச்சியால் நிறுத்தப்படுகிறது. குச்சியை உருவினால் மோட்டார் கைக்கு வந்துவிடும், அதே அளவுப் பெட்டி ஏற்கும் வேறு விமானத்திலும் பொருத்தலாம். ஈரத்தில் உடல் ஊறிப் போனாலும் கவ்வாத்துக் கிளை இறக்கையைத் துளைத்தாலும் நட்டம் மட்டையோடு நின்றுவிடும். அதனால் கிட் வந்த அன்றே, ஒட்டத் தொடங்குமுன், ஒவ்வொரு துண்டையும் தடித்த அட்டையில் வைத்து ஓரம் வரைந்து எடுத்துக்கொள்வது நல்லது. அடுத்த உடலை அந்த அட்டையை வைத்தே, ஹட்டனில் வாங்கிய மட்டையில் வெட்டிக்கொள்ளலாம். ஒரே குறை, கம்பிகளைக் கோக்கும் சிறு கொம்புகள் பழைய உடலில் ஒட்டியிருக்கும். அவற்றைக் கழற்றும்போது பசையைச் சூட்டால் இளக்கிவிட்டு எடுத்தால் உடையாது.